இறந்த இடம்: டூயிஸ்பர்க்

1962 நவம்பர் 15, வியாழன். மாலை 6.05.

பவ்லாக் அம்மாள் தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தபோது, கேப்டன் ஓஸன்டார்ப் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார்.

அவள் அலறவில்லை. கேப்டனுக்கு எண்பத்தொரு வயது. பதினோரு வருடமாக அவருக்கு வீடு கூட்டிப் பெருக்குகிறவள் அவள். கையைத் தொட்டுப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், நேராகப் போய் ஜன்னலை விரியத் திறந்துவிட்டாள். இறந்தவர் இருக்கும் அறையில் ஜன்னல் மூடியிருக்கக் கூடாது, ஆன்மா வெளியே போக வழி வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, கை தானாகப் போகும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே அடித்தது.

அறை முழுக்கப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மறுநாள் காலை கேப்டன் மகனோடு ஃபிரைபர்க் போவதாக இருந்தார். ரைன் நதியின் மணல்திட்டு ஒன்றுவிடாமல் படம் வரைந்து பேர் வாங்கிய மனிதர். கடைசிக் காலத்தை மலைக்காற்றில் கழிக்க ஆசைப்பட்டார். யார் ஆசைப்படமாட்டார்கள்? டூயிஸ்பர்க்கின் எங்கள் ரூரோர்ட் துறைமுகத்தில் காற்று என்று ஒன்று இருந்தால் அது உருக்காலை விட்டுவைத்த மிச்சம்தான்.

மாலை 6.40.

ஆய்வாளர் வில்மா டெர்ஹோர்ஸ்ட் அந்த வீட்டுக்கு வந்தது பிணத்தைப் பார்க்க அல்ல. கீழ்த்தளத்தில் குடியிருந்த பாடகி அடேலே கைப்பர்ஸ் காவல் நிலையத்துக்கு நாலு முறை தொலைபேசி செய்திருந்தார். மேலதிகாரி கீசன் அலுத்துப்போய் வில்மாவைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா தன்னைக் கொல்லப் போறாங்கன்னு ஒரே பாட்டா பாடுது. எழுபத்தாறு வயசுல யாரும்மா வந்து கொல்லப் போறான்? நீ போய் ஒரு காபி குடிச்சு சமாதானம் பண்ணிட்டு வா. பொம்பள விஷயம்."

பெண் காவலர்களுக்கு அந்தக் காலத்தில் இப்படித்தான் வேலை வரும். வில்மாவுக்கு முப்பத்தெட்டு வயது, பதினாலு வருட சேவை. குடித்த காபிக்குக் கணக்கில்லை.

முதலில் மேல்தளத்துக்குப் போய்ப் பிணத்தைப் பார்த்தாள். மருத்துவர் ஏற்கெனவே பையை மூடிக்கொண்டிருந்தார்.

"மாரடைப்பு. எண்பத்தொரு வயசுல வேற என்ன வரும்?"

"கன்னம் ரெண்டும் ஏன் இவ்ளோ சிவப்பா இருக்கு டாக்டர்?"

"கணப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்தா எனக்கும்தான் சிவக்கும்."

நிலக்கரிக் கணப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. புகைக்குழாயை மூடித் திறக்கும் தகட்டின் பிடியைப் பார்த்தாள். முழுக்கத் திறந்திருந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மேஜையில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் ஆலையின் பழுப்புத் தூசி மெல்லிசாகப் படிந்திருந்தது. நடுவில் மட்டும் அஞ்சலட்டை அளவில் ஒரு இடம் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது.

"எதையும் தொடாதீங்க," என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்போது படியேறி வந்தார் ஹூல்ஸ்கன் வாத்தியார். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். தெருவில் பாதிப்பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள், கீசனும் அதில் சேர்த்தி. முப்பத்தோரு வருடமாக அவர்தான் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்காக ஒரு அட்டைத் தொகுப்பை வைத்திருந்தார்: இந்த ஊரில் இறந்த பெயர்பெற்றவர்கள், ஆளுக்கு ஓர் அட்டை. உயிரோடிருப்பவர்களுக்கும் முன்கூட்டியே அட்டை உண்டு, கடைசி வரி மட்டும் காலி. சவ அடக்கத்தில் பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்குள் இவர் பேனாவைத் திறந்து தேதி எழுதிவிடுவார். இதை வைத்து எங்கள் ஊரில் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது.

வாத்தியார் பிணத்துக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து கேப்டனின் அட்டையை எடுத்தார், பார்த்தார், மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மத்தியானம் நான் வந்திருந்தேன்," என்றார். "கேக் சாப்பிட்டோம். மூணு மணிக்குக் கிளம்பினேன். தூக்கம் வருதுன்னார். தூங்கிட்டார் பாவம்."

அடேலே கைப்பர்ஸின் அறையிலும் பெட்டிகள் கட்டியிருந்தன. சனிக்கிழமை காலை ரயிலில் அவர் பெரிய ஏரிக்கரையில் இருக்கும் அக்கா மகளிடம் போகிறார். வில்மா உட்காருவதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்றிருந்தது.

"மார்ச்ல பேராசிரியர் வெசல்ஸ். ஹைடல்பெர்க் போக நாலு நாள் இருந்துச்சு, போயிட்டார். இப்ப கேப்டன். ஒரு நாள் இருந்துச்சு. எனக்கு ரெண்டு நாள் இருக்கு. கணக்கு தெரியாதா உங்களுக்கு?"

"ரெண்டு பேருக்கும் வயசாச்சும்மா."

"எனக்கும் ஆச்சு. அதான் யாரும் நம்பமாட்டாங்க. செத்த பிறகும் நம்பமாட்டாங்க." கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு வீட்டுக்கும் போய் வந்தவங்க யாரு? பவ்லாக். கரி போடற யுப். ரெண்டு பேருமே இங்கயும் வர்றாங்க. நான் கதவத் திறக்கமாட்டேன். சாப்பிடவும் மாட்டேன். நேத்து ராத்திரி கண்ண மூடல."

"தனியாவா இருக்கீங்க?"

"நாளைக்கு மத்தியானம் வாத்தியார் வந்து காவல் இருக்கேன்னு சொல்லியிருக்கார். அந்த ஒரு தைரியம்தான்."

நல்லதாகப் போயிற்று என்று வில்மா நினைத்தாள். அந்த நினைப்பை அவள் பிறகு வெகுகாலம் மறக்கவில்லை. கிளம்பும்போது பயம் அவளுக்கும் தொற்றியிருந்தது. கேப்டனின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னாள். கீசன் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

நவம்பர் 16, வெள்ளி. காலை 10.00.

கரிக்கார யுப் காவல் நிலைய நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நாற்காலி கெட்டுவிடும் என்றான்.

"நேத்து எத்தனை மணிக்குப் போனே?"

"ரெண்டு இருக்கும். ஒரு மூட்டை. நாளைக்கு ஊருக்குப் போறவருக்கு எதுக்குங்க கரின்னு கேட்டேன். இன்னைக்குக் குளிருதேடான்னாரு."

"மேஜைமேல எதாவது வச்சியா?"

"ரசீதுப் புத்தகத்த வக்கப் போனேன். அந்த வெள்ளைத் துணியில வச்சே, உன்னைத் தூக்கி ரைன்ல போட்டுடுவேன்னாரு. பெட்டிமேல வச்சுக் கையெழுத்து வாங்கினேன்."

"புத்தகத்தக் காட்டு."

யுப் அதை அவள் முன்னாலிருந்த காகிதத்தின்மேல் வைத்தான். திருப்பி எடுத்தபோது காகிதத்தில் கரிய கட்டம் ஒன்று பதிந்திருந்தது. அஞ்சலட்டை அளவுதான்.

"மூணு மணிக்கப்புறம் எங்க இருந்தே?"

"நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் கரிக்கிடங்கு வரிசையில. முப்பது பேர் பார்த்திருப்பாங்க. ஏங்க, கேப்டனை நான் கொல்லுவேனா? என்னைத் திட்டறதுக்கு இனி யார் இருக்கா?"

காலை 11.30.

பவ்லாக் அம்மாள் அழுது முடித்திருந்தாள். இப்போது கோபமாக இருந்தாள்.

"மேஜைத்துணியில தூசி இருந்ததே, பார்த்தீங்களா?" என்று கேட்டாள் வில்மா.

"பார்க்காம? நான் ஜன்னலத் திறந்தேன்ல, அப்ப வந்திருக்கும். நீங்கதான் தொடாதேன்னீங்க. இல்லேன்னா அந்தத் துணிய அப்படி விட்டுட்டு வர்ற ஆளா நான்? ராத்திரி பூரா அதான் கண்ணுல நிக்குது."

"பேராசிரியர் வீட்டுலயும் நீங்கதான் ஜன்னல் திறந்தீங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்ல. அங்க முன்னாடியே திறந்து கெடந்துச்சு. உள்ள ஒரே குளிரு. கணப்புப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கற மனுஷன், மார்ச் மாசத்துல யாரு திறந்துவிட்டாங்கன்னு அப்பவே நினைச்சேன்."

வில்மா எழுதிக்கொண்டாள். எழுதியதைத் திரும்பப் படித்தாள். ஏதோ உறுத்தியது, எது என்று பிடிபடவில்லை.

பிற்பகல் 3.00.

பரிசோதனைக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. கேப்டனின் ரத்தம் முழுக்கக் கரிப்புகை விஷம். வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். கன்னம் சிவப்பது அதனால்தான்.

புகைக்குழாய்த் தகடு மூடியிருந்தால்தான் அந்த விஷம் அறைக்குள் வரும். அவள் பார்க்கும்போதோ தகடு திறந்திருந்தது. இறந்த மனிதர் எழுந்து வந்து திறந்திருக்க முடியாது. யாரோ மூடி, காத்திருந்து, வந்து திறந்திருக்கிறார்கள்.

மேஜைத்துணியில் படிந்திருந்த தூசி நினைவுக்கு வர, அவள் உருக்காலையின் எண்ணைச் சுழற்றினாள்.

"நேத்து தூசி பறக்க உலை ஊதினீங்களா?"

"ரெண்டு நாளா பழுதும்மா," என்றான் மறுமுனையில் மேஸ்திரி. "நேத்து சோதனைக்கு ஒரே தடவை ஊதினோம். நாலு பத்துலேர்ந்து நாலு நாற்பது வரைக்கும். அதுக்கப்புறம் மழை வந்துருச்சு. ஏன், உங்க துணியும் போச்சா? காலையிலேர்ந்து இதோட ஒன்பது பேரு."

வில்மா ரிசீவரை வைக்க மறந்து நின்றாள்.

ஆறு மணிக்குக் கொட்டும் மழையில் பவ்லாக் ஜன்னலைத் திறந்தாள். அப்போது தூசி வந்திருக்க முடியாது, சாரல்தான் வந்தது. தூசி நாலே காலுக்கு வந்தது. நாலே கால் வாக்கில் அந்த ஜன்னல் திறந்திருந்தது, பிறகு யாரோ மூடியிருக்கிறார்கள். ஆலை ஊதும்போது எங்கள் தெருவில் ஜன்னல் திறப்பவனுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். வீட்டுக்குள் மூச்சு முட்டினாலும் கொல்லைக் கதவைத்தான் திறப்போம். ஒரே ஒரு காரியத்துக்குத்தான் காற்றும் தூசியும் பார்க்காமல் ஜன்னல் திறப்போம்.

அறையில் ஒருவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால்.

அப்படித் திறந்தவர் மேஜையில் எதையோ வைத்திருந்தார். யுப் வைத்திருந்தால் கரி படிந்திருக்கும். பவ்லாக்காக இருந்தால் தூசி விழுந்த துணியை உதறாமல் கிளம்பியிருக்கமாட்டாள். அஞ்சலட்டை அளவில் சுத்தமான ஒரு பொருள். ஓர் அட்டை.

பாதிரியார் ஜெபம் முடிக்குமுன் எழுதிவிடுகிற மனிதர், நேற்று பிணத்துக்கு முன்னால் நின்று அட்டையை எடுத்தார், பார்த்தார், எழுதாமல் உள்ளே வைத்துக்கொண்டார்.

ஏற்கெனவே எழுதியிருந்தார்.

வில்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 3.12. அடேலேயின் அறையில் அவர் இப்போது காவல் இருக்கிறார்.

பிற்பகல் 3.25.

துறைமுகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். கீழே ஒரு மணல் கப்பல் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. டிராம் வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்தித்தாள் புரட்டினார்கள். கிளம்புமுன் வில்மா அடேலேயின் எண்ணைச் சுழற்றியிருந்தாள், யாரும் எடுக்கவில்லை. இப்படி ஒரு பயத்தை அவள் போர்க்காலப் பதுங்கு குழியில் பட்டதோடு சரி. இறங்கி ஓட்டுநரிடம் போனாள்.

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"கப்பல் போற நேரம் ஆகும்."

ஏழு நிமிடம் ஆனது. பாலம் இறங்கியதும் அவள் டிராமுக்குக் காத்திருக்காமல் ஓடினாள்.

பிற்பகல் 3.44.

அடேலேயின் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். பதில் இல்லை. கைப்பிடியை அழுத்தினாள். பூட்டு விழாதபடி நாக்கைத் தள்ளி வைத்திருந்தார்கள், கதவு உடனே திறந்துகொண்டது. யாரோ திரும்பி வருவதற்கு வசதியாக.

அடேலே சாய்வு நாற்காலியில் வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தார். கன்னம் இரண்டும் சிறுபெண் கன்னம் போலச் சிவந்திருந்தன. காலுக்குப் போர்வை, யாரோ அக்கறையாகச் செருகிவிட்டது. தகட்டின் பிடி மூடிய பக்கம் இருந்தது.

ஜன்னல் கொக்கி வரவில்லை. வில்மா மேஜைமேல் இருந்த வெண்கல விளக்கைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. பாடகியின் அக்குளில் கை கொடுத்து ஜன்னல்வரை இழுத்துப் போய், தலையை வெளியே சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அடேலே அம்மா. மூச்சு விடுங்க. கேக்குதா? மூச்சு விடுங்க."

எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணினாள். பதினாலில் இருமல் வந்தது. அசிங்கமான, நீண்ட இருமல். அதைப்போல ஒரு சங்கீதத்தை வில்மா அதுவரை கேட்டதில்லை.

அடேலேயைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, தகட்டைத் திறந்துவிட்டு, வாசலுக்கு வந்தாள். மேல்தளத்துக்குப் போகும் படியில் ஹூல்ஸ்கன் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். மடியில் தொப்பி, தொப்பிமேல் ஓர் அட்டை, கையில் மூடி திறந்த பேனா.

"கண்ணாடிய உடைச்சியா?" என்றார். "நான் மெதுவா திறந்திருப்பேன்."

"பேனாவ மூடுங்க சார்."

அவர் கீழ்ப்படிந்து மூடினார். வில்மா கையை நீட்டினாள். அவர் கொடுத்த அட்டையில் தட்டச்சில் அடித்திருந்தது: கைப்பர்ஸ், அடேலே, பாடகி. இறந்த இடம்: டூயிஸ்பர்க். தேதி மட்டும் காலி.

"கேப்டனோடது?"

அதையும் உள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வில்மா வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நவம்பர் 15 என்று மையில் எழுதியிருந்தது. எழுத்துக்குள் பழுப்புத் துகள்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன.

"மை ஈரமா இருந்தப்ப ஆலைத் தூசி விழுந்திருக்கு. தூசி விழுந்தது நாலு பத்துலேர்ந்து நாலு நாற்பதுக்குள்ள. அதுக்கப்புறம் மழை. மூணு மணிக்கே கிளம்பிட்டேன்னு சொன்னீங்க. பவ்லாக் அம்மா அவரைப் பார்த்தது ஆறு அஞ்சுக்கு. சாயங்காலம் நாலே காலுக்கு அவர் செத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாத்தியார் தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"தகட்டைத் திறந்து வைக்கத்தான் திரும்பி வந்தீங்க. சத்தமில்லாம போயிருந்தா மாரடைப்புதான். எதுக்கு ஜன்னலைத் திறந்தீங்க? விஷக்காத்து போகவா?"

"சேச்சே." அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் வந்தது. "கைக்குட்டை கட்டியிருந்தேன், காத்து எனக்கு ஒண்ணும் செய்யல. கேப்டன் போக வழி விட வேணாமா? என்னை என்ன மிருகம்னு நினைச்சியா?"

இந்த மனிதர் சொல்வது அத்தனையும் உண்மை என்பதுதான் வில்மாவைப் பயமுறுத்தியது.

"ஏன் சார்?"

"சங்கத்துல இங்க பொறந்தவங்களுக்கு நாலு இழுப்பறை அட்டை இருக்கு. செத்தவங்களுக்கு ஒரு பெட்டிகூட நிறையல. முப்பத்தோரு வருஷம். பேர் வாங்கறது இங்க, சோறு இங்க, கைத்தட்டல் இங்க. சாகறதுக்கு மட்டும் ஏரி வேணும், மலை வேணும், சுத்தமான காத்து வேணும். அப்புறம் எந்த ஊர்க்காரன் கல்லு நடுவான்? ஏரிக்கரைக்காரன். நம்ம தூசிய முழுங்கினவங்கள அவன் எடுத்துக்குவான். நான் யாரையும் வெளிய அனுப்பலம்மா. இருக்க வச்சேன்."

உள்ளே சத்தம் கேட்டது. அடேலே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார். போர்வை தோளில் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"எக்பெர்ட்," என்று வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் கரகரத்த குரலில். "ஆகஸ்ட்லேர்ந்து மூட்டை கட்டறேன். வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து என் பொறந்த தேதி, நடிச்ச நாடகம், எல்லாம் எழுதிக்கிட்டீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போகாதீங்க அடேலேன்னு சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன். யாராவது சொல்லுவாங்களான்னுதான் அவ்ளோ மெதுவா கட்டினேன்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். கீசனின் ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர்களில் இருந்த தன் பழைய மாணவன் விலங்கு மாட்டுவதற்குத் தானே கையை நீட்டினார்.

நவம்பர் 17, சனி. காலை 9.20.

மருத்துவமனையில் இரண்டு நாள் இருங்கள் என்றார்கள். அடேலே கேட்கவில்லை. குற்றவாளி சிறையில் இருக்கிறான் என்று வில்மா எத்தனை முறை சொன்னாலும் அவர் பயம் தெளியவில்லை.

"அவரில்லம்மா. இப்ப எனக்கு இந்த ஊரே பயமா இருக்கு. இதுக்குள்ள செத்துடுவேனோன்னு இருக்கு. நீங்க கூட வாங்க. அடுத்த ஊர் வரைக்கும் போதும்."

விடுப்பு எழுதிக் கொடுக்க நேரமில்லை. வில்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினாள்.

அடேலே பெட்டியின் மூலையில் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு உட்கார்ந்து, வில்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தார். ஜன்னல் இறுக மூடியிருந்தது. சரக்குக் கிடங்குகள் போயின, கசடுக் குன்றுகள் போயின. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு முறை, "இன்னும் நம்ம ஊர்தானா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்தாம்மா."

ஊர் எல்லைப் பலகை ஓடிப் பின்னால் போனது.

"தாண்டியாச்சு," என்றாள் வில்மா.

அடேலே நம்பாமல் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் ஆலையின் புகைபோக்கிகள் பழுப்பாய் ஊதிக்கொண்டிருந்தன. பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். எழுந்து நின்று, ஜன்னலின் தோல்பட்டையை இரண்டு கையாலும் இழுத்து, கண்ணாடியைக் கீழே இறக்கினார். நவம்பர்க் காற்று முகத்தில் அறைந்தது. தொப்பி பறந்து பெட்டிக்குள் எங்கோ விழுந்தது. எதிரில் இருந்தவர் முகம் சுளித்தார்.

"ஜன்னலை மூடுங்கம்மா, குளிருது."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க," என்றார் அடேலே கைப்பர்ஸ். "இது என் மூச்சுக்காகத் திறந்தது."